வடிவு

பரந்தன் சந்திக்குப் புதுச்சட்டம் வந்திருக்கிறது.
நூற்றுப் பதினொரு பக்கம், பாதி படங்கள்.
பழையது என்ன விற்கிறாய் என்று கேட்கும்.
உரமா, உடுப்பா, சவப்பெட்டியா,
வரைபடத்தில் எந்த நிறத்துக்குள் நீ என்று தேடும்.
இது அதைக் கேட்பதில்லை.
எப்படி நிற்கிறாய் என்கிறது.
வீதிக்கு முகம் காட்டுகிறாயா, முதுகா.
முன்சுவர் கோட்டைத் தொடுகிறதா.
மாடி இரண்டுக்குக் குறையாமல், மூன்றைத் தாண்டாமல்;
எட்டடி நடைவிறாந்தை, கடைக்குக் கடை அறாமல்.
பஸ்ஸால் இறங்குகிறவள் குடை விரிக்காமல்
தபாற்கந்தோர் வரை போகவேண்டும்.

வடிவ விதிகள் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்.
எங்கள் பக்கம் வடிவு என்றால் அழகு.
"அப்ப வடிவில்லாட்டி உடைப்பியளோ?"
என்றார் டயர் ஒட்டுகிற கஜேந்திரன்.
சிரித்தேன்.
அவருடைய தகரக்கொட்டில் கோட்டிலிருந்து
பத்தொன்பது அடி பின்னுக்கு நிற்பதைப் படத்தில் கண்டதும்
சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.
இருப்பதை உடைக்கச் சொல்லவில்லை,
புதிதாய்க் கட்டினால் முன்னுக்கு வரச் சொல்கிறது.
லொறி எங்கே நிற்கும் என்றார்.
பின்னால், என்று எழுதியிருக்கிறது.
பின்னால் தண்டவாளம்.

என் மேசையில் இரண்டு விண்ணப்பம்.
பக்கத்துப் பக்கத்துக் காணி, முகப்பு இருபது இருபது அடி.
பத்மலோஜினியின் கேக் கடை,
பற்றிமாகரனின் சவப்பெட்டிக் கடை.
பழைய சட்டம் இவற்றை ஒரு மதிலில் சேரவிடாது.
புதியதற்கு இரண்டும் ஒன்று:
ஒரே உயரக் கண்ணாடி, ஒரே அளவு தூண்.
"பெட்டியளைக் கண்ணாடிப் பக்கம் நிமிர்த்தி வைக்காட்டிக் காணும், மிஸ்,"
என்றாள் அவள்.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

பிசகியது நிலமட்டத்தில்.
தளம் நடைபாதையோடு சமமாக, என்கிறது நாற்பத்தெட்டாம் பக்கம்.
கொழும்பில், வெயிற்காலத்தில் எழுதிய பக்கம்.
பற்றிமாகரன் சுவரில் விரல் வைத்துக் காட்டினார்,
முழங்காலுக்கு மேலே ஒரு மண்ணிறக் கோடு.
இரணைமடு வான்கதவு திறந்த இரவு
ஒன்பது பெட்டி மிதந்ததாம்.
"வெறும் பெட்டியள்தான். கயிறு போட்டுப் பிடிச்சம்.
ஒண்டு மட்டும் றெயில் பாதை மட்டும் போட்டுது."
நாடாவைப் பிடித்தேன்.
இரண்டடிக்கு ஓர் அங்குலம் குறைவு.

இரண்டடி உயர்த்தினால் விறாந்தையில் நாலு படி.
இந்தச் சந்தியில் படி ஏறாதவர்கள் எத்தனை பேர் என்று
சட்டத்துக்குத் தெரியாது.
எனக்குக் கொஞ்சம் தெரியும்.
ஒரு சப்பாத்து மட்டும் தேய்கிறவர்கள்,
வங்கி வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டிறங்காமல்
யாரையாவது கூப்பிடுகிறவர்கள்.

சாய்தளம் போடலாம்.
ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி ஓடவேண்டும்.
இரண்டடிக்கு இருபத்துநாலு.
அவரிடம் இருப்பது இருபது.
மிச்சம் நாலடி
அவளுடைய முகப்பில்தான் தொடங்கவேண்டும்.

இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டேன்.
படத்தைத் தலைகீழாய் வைத்துக்கொண்டு
நெடுநேரம் பார்த்தாள்.
"அப்ப பெட்டி என்ர வாசலால போகுமோ?"
போகும்.
"கேக் அவற்ர வாசலால?"
போகும், கல்யாண மண்டபம் அந்தப் பக்கம்தானே.
பற்றிமாகரன் ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.
"திங்கள் சொல்லுறன்," என்று எழும்பினாள்.
கதவடியில் திரும்பி,
"அந்த நாலடியில என்ர பக்கம் எவ்வளவு உயரும்?"
நாலு அங்குலம்.
"நாலு அங்குலம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

படிவம் ஒரு காணிக்கு ஒன்று.
இரண்டையும் அருகருகே வைத்துப்
பென்சிலால் ஒரு சாய்வுக்கோடு இழுத்தேன்.
இரண்டு தாளுக்கும் நடுவே
கோடு மேசையிலும் கொஞ்சம் விழுந்தது.
மை போடவில்லை.
திங்களுக்கு இன்னும் மூன்று நாள்.
வடிவாய்த்தான் இருந்தது;
தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று
இன்னொருமுறை கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.